காக்கைக்கால் பதிந்த ஈயம்

கூட்டுறவுக் கடை வாசலில் ஓர் அறிவிப்புப் பலகை உண்டு. நாய்க்குட்டி விற்பனைக்கும் பழைய டிராக்டர் டயருக்கும் நடுவில் ஒரு சின்ன அட்டை குத்தியிருந்தது. சுத்தமான காரீயம், கட்டிகளாக வார்த்தது, நானூறு பவுண்டு. பவுண்டு அறுபது சென்ட். மொத்தமாக எடுத்துக்கொள்ள வேண்டும். கீழே ஒரு தொலைபேசி எண் இருந்தது, பெயர் இல்லை.

அறுபது சென்ட் என்பதைப் படித்ததுமே எனக்குச் சந்தேகம் தட்டியது. அந்த ஏப்ரலில் வடக்கு டகோட்டா முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் ஒன்றரை டாலருக்குக் குறைந்து நல்ல ஈயம் கிடையாது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். நான் பல்லையும் பார்ப்பேன், குளம்பையும் தூக்கிப் பார்ப்பேன், எதற்காகத் தானம் கொடுக்கிறான் என்று பக்கத்து வீட்டிலும் போய் விசாரிப்பேன். ஆர்லன் ஹாகன் அப்படிப்பட்ட ஆள்தான் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். முப்பத்தோரு வருஷம் தானியக் கிடங்கின் எடைமேடையில் உட்கார்ந்திருந்தவன் நான். மேலே நல்ல கோதுமையும் அடியில் ஈரக் கோதுமையுமாக லாரியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, என்னோடு வானிலை பேசிய பெரிய மனிதர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

ஆனால் எனக்கு ஈயம் தேவைப்பட்டது. என்னிடம் இருப்பது பழைய மாதிரி நீளத் துப்பாக்கி. அதற்கு உள்ளே போகும் குண்டு ஒவ்வொன்றும் சுண்டுவிரல் அளவு இருக்கும். கடையில் வாங்கிச் சுட்டால் என் ஓய்வூதியம் ஒரே மாதத்தில் புகையாகிவிடும் என்பதால் துப்பாக்கிக் கழகத்தில் நாங்கள் எல்லோரும் வீட்டிலேயே உருக்கி அச்சில் ஊற்றிக்கொள்கிறோம். முன்பெல்லாம் டயர் கடையில் ஒரு தட்டு இனிப்பைக் கொடுத்தால், சக்கரம் ஆடாமல் ஓட ஓரத்தில் மாட்டும் வீல் வெயிட்டைக் கழற்றி வாளி வாளியாக ஏற்றிவிடுவார்கள். அத்தனையும் ஈயம். இப்போது பாதி இரும்பு, மீதியில் துத்தநாகம். துத்தநாகத் துண்டு ஒன்றே ஒன்று தெரியாமல் உலையில் விழுந்தாலும் மொத்த ஈயமும் ஓட்ஸ் கஞ்சி மாதிரி திரிந்துபோகும். ஜூன் மாதம் போட்டி வருகிறது, ஒரு சட்டி நிறைய உருக்கக்கூட என் கொட்டகையில் ஈயம் மிச்சமில்லாத நிலை. எழுபது வயதில் எனக்கு இருக்கும் ஒரே சந்தோஷம் அதுதான், அதை விட மனமில்லை.

அந்த எண்ணுக்குப் போன் செய்தேன். இளம்பெண் ஒருத்தி எடுத்தாள். ஐம்பது சென்ட்டுக்குத் தருவாயா என்று கேட்டேன், சரி என்றாள். நாற்பது என்று இழுத்துப் பார்த்தேன்.

"சும்மாகூட எடுத்துட்டுப் போங்க. சனிக்கிழமைக்குள்ள அது இந்த இடத்துல இருக்கக் கூடாது, அவ்வளவுதான்."

பேரம் பேசாத வியாபாரியை நான் நம்பியதே இல்லை. எங்கள் துப்பாக்கிக் கழகத்தின் டெல்மரிடம் எண்ணைக் காட்டினேன். அது கோல்ட்டன் வீட்டு எண் என்றான். டயர் கடையில் வேலை பார்க்கிற, இரண்டரை வருஷத்துக்கு முன் ஊருக்கு வந்து எங்கள் கழகத்தில் சேர்ந்த பையன். குளிர்காலம் முழுக்க அவன் கழகத்துப் பக்கமே தலைகாட்டவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சேர்ந்து இரண்டரை வருஷம் ஆன பயலிடம் நானூறு பவுண்டு எப்படி வந்தது என்று டெல்மரைக் கேட்டேன்.

"யோவ், உனக்குச் சொர்க்கத்துல இடம் கொடுத்தாலும், கதவு ஏன் திறந்து கிடக்குன்னு கேட்டுட்டு வாசல்லயே நிப்பே" என்றான் டெல்மர்.

வியாழக்கிழமை காலை போனேன். பனி கரைந்து சரளைச் சாலை முழுக்கச் சேறு. வீட்டு வாசலில் அந்தப் பெண் ஷெய்லா, இடுப்பில் இரண்டு வயதுக் குழந்தையோடு நின்றாள். கார் கொட்டகைக் கதவைத் திறந்துவிட்டு, பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டாள். நான் குழந்தையின் கன்னத்தைத் தட்டக் கையை நீட்டினேன். அவள் சட்டென்று பின்னால் நகர்ந்தாள்.

"கிட்ட வராதீங்க, மிஸ்டர் ஹாகன். அதைத் தொட்ட கையோட வராதீங்க."

நான் இன்னும் எதையுமே தொடவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே எட்டு வாளிகளில் கட்டிகள் அடுக்கியிருந்தன. துத்தநாகமோ, பேட்டரியிலிருந்து எடுத்த விஷச் சரக்கோ என்ற எண்ணத்தோடுதான் குனிந்தேன். நகத்தால் கீறினேன், கோடு விழுந்தது. சிமெண்ட் தரையில் போட்டேன். துத்தநாகமாக இருந்தால் மணி அடித்திருக்கும், இது தொப்பென்று விழுந்தது. நல்ல ஈயம். நல்ல ஈயமாக இருந்ததில் எனக்கு ஏமாற்றம்கூட வந்தது. கட்டியைக் கவிழ்த்துப் பார்த்தபோதுதான் என் ரத்தம் கொதித்தது.

கட்டியின் அடியில் மூன்று கோடுகள் புடைத்து நின்றன. என் காக்கைக்கால்.

எங்கள் கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. வசந்தத்தில் எல்லோரும் சேர்ந்து நாங்கள் சுடும் இலக்குப் பலகைகளுக்குப் பின்னால் இருக்கும் மண்மேட்டைச் சலித்து, பழைய குண்டுகளைப் பொறுக்கி உருக்கிப் பங்கு போட்டுக்கொள்வோம். கட்டி வார்ப்பதற்கு எல்லோரும் வைத்திருப்பது ஒரே சாமான்தான், மஃபின் கேக் சுடும் பன்னிரண்டு குழித்தட்டு. அதனால் எல்லார் கட்டியும் ஒரே மாதிரி இருக்கும். என்னுடைய மென்மையான ஈயத்தை எடுத்துக்கொண்டு யாரோ அவர்களுடைய மட்டச் சரக்கை என் வாளியில் போடுகிறார்கள் என்று எனக்கு ஒரு காலத்தில் சந்தேகம். டெல்மர் மேல்தான். அதனால் உளியை எடுத்து என் தட்டுகளின் ஒவ்வொரு குழிக்குள்ளும் காக்கைக்கால் மாதிரி மூன்று வெட்டு வெட்டினேன். அதற்குப் பிறகு என் கட்டி எது என்று நான் இருட்டில் தடவிச் சொல்வேன். கழகத்தில் எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இது எங்கிருந்து வந்தது என்று ஷெய்லாவைக் கேட்டேன். எனக்குத் தெரியாது, அவனைக் கேளுங்கள் என்றாள். அவன் எங்கே என்றேன். அவன் அண்ணன் வீட்டுப் பின்னால், காரில் இழுத்துப் போகிற வண்டிவீட்டில் இருக்கிறான் என்று எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள். புருஷன் வெளியே, சரக்கு பாதி விலைக்கு, சனிக்கிழமைக்குள் காலி. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சோதித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்று ஒரு கட்டியை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்து கொட்டகையைத் தலைகீழாகப் புரட்டினேன். என்னிடம் மிச்சமிருந்தவை பதினேழு கட்டிகள். எத்தனை இருந்திருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். ஊரையே சந்தேகப்படுகிறவன் தன் சரக்கை எண்ணி வைக்கவில்லை. என் கட்டி ஒன்றை எடுத்து அவன் கட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். என்னுடையதில் காக்கைக்காலுக்கு எதிர்ப்பக்கம், மேலே, வார்த்த வருஷமும் குத்தியிருக்கும். அதையும் நான்தான் அடிப்பேன். அவனுடையதில் வருஷம் இல்லை, காக்கைக்கால் மட்டும் அப்படியே. இரண்டையும் மேல்கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.

"உன் ஈயத்தை எலி தின்னுடுச்சா?" என்று சமையலறையிலிருந்து என் மனைவி லவோன் கேட்டாள். ரெண்டு கால் எலி என்றேன்.

டயர் கடையில் அன்று கூட்டம். குளிர்கால டயரை மாற்ற வந்தவர்கள் நான்கு பேர் காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கேட்கட்டும் என்றேதான் கட்டியை மேஜையில் ஓங்கி வைத்தேன்.

"இந்தக் காக்கைக்கால் உனக்கு எங்கிருந்து வந்துச்சு?"

கோல்ட்டன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். இளைத்திருந்தான். ஷேவ் செய்து நாலைந்து நாள் இருக்கும். கட்டியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, இது என்னுடையதுதான், மண்மேட்டுப் பங்கும் இந்தக் கடைச் சரக்குமாகச் சேர்த்து உருக்கியது என்றான். முத்திரை என்னுடையது, என் கொட்டகையிலிருந்து போனது என்றேன். திருடன் என்ற வார்த்தையையும் சொன்னேன். நான்கு காப்பிக் கோப்பைகளும் அப்படியே அந்தரத்தில் நின்றன.

அவன் கோபப்படவில்லை, அதுதான் எனக்கு இடித்தது. கோபப்பட அவனிடம் தெம்பு இல்லை.

"முத்திரையா? அது தட்டுல இருந்த டிசைனுன்னு நினைச்சேன், ஆர்லன். சர்ச்சுக் கீழ்த்தளத்துல பழைய சாமான் வித்தாங்களே, அங்க வாங்கினது. ரெண்டு தட்டு, சணல் போட்டுக் கட்டியிருந்துச்சு. ஒரு டாலர்."

நீட்டியிருந்த சுட்டுவிரலை மடக்கிக்கொண்டேன்.

அவன் என்னைப் பின்பக்கம் அழைத்துப் போனான். நான் கேட்காமலே பேசினான். யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவன் மாதிரி இருந்தது. குழந்தை ஹேட்டிக்கு ஒரு வயதில் ரத்தப் பரிசோதனை செய்தபோதே ஈயம் கொஞ்சம் இருந்ததாம். இரண்டு வயதில் எடுத்தபோது எண் மூன்று மடங்கு. மாவட்ட சுகாதார நர்ஸ் வந்து சுவர்ப் பூச்சைப் பார்த்தாள், கிணற்றுத் தண்ணீரைப் பார்த்தாள், பொம்மைகளைப் பார்த்தாள். அப்புறம் கார் கொட்டகையைப் பார்த்தாள். வேறு எங்கும் தேட வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. இவன் உலையை மூடினான். வீட்டுக்குள் போகும் முன் உடை மாற்றினான், குளித்தான். பிப்ரவரியில் மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். எண் இன்னும் ஏறியிருந்தது. அவன் ரகசியமாக எங்கேயோ உருக்கிவிட்டு வந்து பொய் சொல்கிறான் என்று ஷெய்லா அவனை வெளியே அனுப்பிவிட்டாள்.

"கிறிஸ்துமஸுக்கு அப்புறம் நான் அடுப்பே பத்த வைக்கல. அவ நம்பல. இப்ப எனக்கே என்மேல நம்பிக்கை இல்ல. தூக்கத்துல எழுந்து போய் உருக்குறேனோன்னுகூடத் தோணுது."

நான் சுவரில் மாட்டியிருந்த டயர் விலைப்பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தேன். அந்த இரண்டாவது தட்டு எங்கே என்று கேட்டேன்.

"அது வீட்டுல. நீங்கதானே மொத நாளே சொல்லிக் குடுத்தீங்க, சமையல் தட்டு வேற, ஈயத் தட்டு வேறன்னு. ஒண்ணை நான் எடுத்துக்கிட்டேன், ஒண்ணை ஷெய்லாவுக்குக் குடுத்தேன். ஒரு நாள்கூட மாத்தினதில்ல." இதைச் சொல்லும்போது மட்டும் அவன் நிமிர்ந்து நின்றான்.

அந்த இடத்திலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மறுபடி வருகிறேன் என்று முனகிவிட்டு, காப்பி குடிக்கிறவர்களைப் பார்க்காமல் மேஜையிலிருந்த கட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து வண்டியில் ஏறினேன்.

கழகத்தில் புதிதாகச் சேருகிற ஒவ்வொருவருக்கும் நான் ஒரு பிரசங்கம் செய்வேன். ஈயம் ஊற்றிய தட்டு செத்த தட்டு, அதைத் தூக்கி எறியும் முன் பன்னிரண்டு குழியிலும் துளை போடு, வேறு எவனும் அதில் சமைத்துத் தொலைக்கக் கூடாது. இந்தப் பிரசங்கத்தைக் கேட்டுக் கேட்டு டெல்மருக்கு மனப்பாடம். ஊருக்குத்தான் உபதேசம். நான் செய்தது என்ன? அந்த இரண்டு தட்டும் பழைய காலத்து வெள்ளீயம் பூசிய தட்டு. பூச்சோடு சேர்ந்து என் ஈயம் குழிகளில் ஒட்டிக்கொள்ளும், கட்டி கழலாது. இரண்டு வருஷம் போராடிவிட்டு, இரும்பு அச்சு ஒன்று வாங்கி அதிலும் காக்கைக்காலை வெட்டிக்கொண்டேன். தட்டுகளை மற்ற பழைய இரும்போடு பெட்டியில் போட்டுப் பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே தராசில் ஏற்றிப் பார்த்துவிட்டு அவன் சொன்ன எடை எனக்குப் பிடிக்கவில்லை. முப்பத்தோரு வருஷம் எடைமேடையில் இருந்தவனிடமே விளையாடுகிறான் என்று ஆத்திரம். உனக்குக் கொடுப்பதற்குச் சர்ச்சுக்கே கொடுப்பேன் என்று பெட்டியைத் திருப்பித் தூக்கிக்கொண்டு வந்து, வழியில் கீழ்த்தளத்து மேஜையில் இறக்கிவிட்டேன். தட்டு நல்ல தட்டா என்று அங்கிருந்த அம்மாள் கேட்டாள். ரொம்ப நாள் உழைக்கும் என்றேன். துளை போட வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. அந்த இரும்புக்கடைக்காரனைத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன், அதுதான் நினைவிருக்கிறது.

குழிகளில் ஒட்டிய ஈயம் கண்ணுக்குத் தெரியாது. சாம்பல் மேல் சாம்பல்.

வண்டியை நேராக வீட்டுக்கு ஓட்டவில்லை. கோழை எப்படி யோசிப்பானோ அப்படி யோசித்தேன், வழியும் கிடைத்தது. இரும்புச் சாமான் கடைக்குப் போய் ஒட்டாத பூச்சுப் போட்ட புது மஃபின் தட்டு ஒன்று வாங்கினேன். இதைக் கொடுத்துவிட்டுப் பழையதை வாங்கி வந்துவிட வேண்டும். குழந்தையின் வாய்க்கு ஈயம் போவது அன்றோடு நின்றுவிடும். எண் தானே இறங்கும். ஆர்லன் ஹாகன் பெயர் எங்கேயும் வராது. இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை அந்தப் பையோடு கிளம்பியபோது லவோன் வழிமறித்தாள். கல்யாணமான நாற்பத்து நாலு வருஷத்தில் நான் யாருக்கும் பரிசு வாங்கியதில்லை, யார் அந்தப் பெண் என்று கேட்டாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஷெய்லா என்னைக் கதவுக்கு உள்ளே விட்டாள். வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னாள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னாள், அப்புறம்தான் காப்பி. சமையலறை மருத்துவமனை மாதிரி சுத்தமாக இருந்தது. தரையைத் துடைத்துத் துடைத்து அவள் கை சிவந்திருந்தது. குழந்தை உயர நாற்காலியில் உட்கார்ந்து மஃபின் தின்றுகொண்டிருந்தாள். போன கோடையில் உறையவைத்த ருபார்ப் தண்டு போட்டது, அந்தப் புளிப்பு வாசனை அறை முழுக்க இருந்தது. புளிப்பு பட்டால் ஈயம் இன்னும் லேசாக இளகி வரும். அது எனக்குத் தெரியும்.

ஹேட்டி தன் கையிலிருந்ததைத் தலைகீழாகத் திருப்பி எனக்குக் காட்டினாள். "குவ்வி" என்றாள்.

"குருவி கேக்காம்" என்றாள் ஷெய்லா. "அடியில காலடி இருக்கு பாருங்க. அது இருந்தாத்தான் சாப்பிடுவா. அதுல ஒரு குழியில மட்டும் ஒரு விரல் நீளமா இருக்கும். அது நொண்டிக் குருவி. அது தினமும் அவளுக்குத்தான்."

நொண்டிக் குருவி. நான்காவது குழி. முத்திரை வெட்டும்போது என் உளி வழுக்கிய குழி.

நான் பேச ஆரம்பித்தேன். என்ன பேசினேன் என்றால், திட்டம் போட்டு வைத்திருந்த பொய்யை. கட்டி வார்க்க எனக்கு இந்த மாதிரிப் பழைய தட்டுதான் ராசி, லவோன் இந்தப் புதுத் தட்டைக் கொடுத்து மாற்றி வரச் சொன்னாள் என்றேன். ஷெய்லாவின் முகம் அன்றுதான் முதல்முறையாக மலர்ந்தது. இதற்கெல்லாம் எதற்குப் புதுசு என்று சொல்லிக்கொண்டே தட்டைக் கழுவி, ஈரம் துடைத்து, பையில் போட்டு என் கையில் கொடுத்தாள். இவ்வளவுதானா என்று இருந்தது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

"அந்த ஈயத்தையும் இன்னைக்கே ஏத்திடுங்க" என்றாள் பின்னாலிருந்து. "திங்கக்கிழமை வக்கீலைப் பார்க்கப் போறேன். அவன் நல்லவன்தான், மிஸ்டர் ஹாகன். ஆனா பொய் சொல்றான். பிள்ளை ரத்தத்துல அது ஏறிட்டே போகுது, அவன் என் கண்ணைப் பார்த்து நான் தொடலைன்னு சொல்றான். அதை என்னால தாங்க முடியல."

வண்டிக்குப் போனேன். தட்டைப் பக்கத்து இருக்கையில் வைத்தேன். சாவியைப் போட்டேன். இருபது நிமிஷத்தில் வீட்டுக்குப் போய்விடலாம். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள், ஒரு தகரத் தட்டு என்ன கனம் இருந்துவிடப் போகிறது? சேற்றில் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கோல்ட்டன் நிமிர்ந்து நின்று, ஒரு நாள்கூட மாற்றினதில்லை என்று சொன்ன முகம்தான் திரும்பத் திரும்ப வந்தது. அவன் உண்மையைச் சொல்கிறான் என்று இந்த உலகத்தில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அவனைத் திருடன் என்றவனும் நானேதான். எனக்கு என்மேலேயே அருவருப்பு வந்தது.

தட்டை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனேன். சேற்றுச் செருப்போடு சமையலறைக்குள் போய், இந்தத் தட்டு என்னுடையது, இதில் இரண்டு வருஷம் ஈயம் ஊற்றினேன், துளை போடாமல் சர்ச்சுக்குக் கொடுத்தேன், இதிலிருந்துதான் போகிறது, கோல்ட்டன் பொய் சொல்லவில்லை என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் கண் சுருங்கியது.

"அவன் அனுப்பினானா உங்களை?"

இல்லை என்றேன்.

"நேத்து டயர் கடைக்குப் போனீங்களாமே. கூடிப் பேசி முடிவு பண்ணிட்டீங்களா? என்ன தர்றேன்னான், ஈயத்தைச் சும்மா எடுத்துக்கோன்னானா?"

அது என் குரல். எடைமேடையில் உட்கார்ந்து நான் ஊரிடம் பேசிய அதே குரல். எதிரே நிற்கிறவன் உண்மையைத்தான் சொல்கிறான் என்றால் அந்தக் குரல் கேட்க எப்படி இருக்கும் என்பது எழுபது வருஷத்தில் அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

கோட்டுப் பையில் கையை விட்டேன். இரண்டு கட்டிகள் கிடந்தன. வருஷம் குத்திய என் கட்டியைக் கொட்டகையில் எடுத்தபோது, அதன் அடியில் ஒரு விரல் நீண்டிருப்பதை நான் கவனிக்கவில்லை. வண்டியில் உட்கார்ந்திருந்தபோது விரலால் தடவிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். தட்டை அவள் மேஜையில் வைத்து, கட்டியை நான்காவது குழியில் இறக்கினேன். கொஞ்சம் திருப்பினேன். நீண்ட விரல் நீண்ட வெட்டில் போய் விழுந்து, கட்டி அசையாமல் உட்கார்ந்தது. மேலே வருஷம் தெரிந்தது.

ஷெய்லா குனிந்து அந்த நான்கு எண்களைப் படித்தாள். ரொம்ப நேரம் படித்தாள்.

"அப்ப நாங்க இந்த ஊருக்கே வரல" என்றாள்.

அப்புறம் குழந்தையிடம் போய், கையில் மிச்சமிருந்த மஃபின் துண்டைப் பிடுங்கினாள். விரல்களைப் பிரித்துப் பிரித்துத் துடைத்தாள். வாய்க்குள் விரலை விட்டு அங்கே இருந்ததையும் எடுத்தாள். ஹேட்டி வீறிட்டு அழுதாள். ஷெய்லா அவளைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தான் குடுத்தேன். அவன் இல்ல. தினமும் காலைல, இந்தக் கையால. எண் ஏறினப்போ, பாவம் பிள்ளை இளைச்சுட்டாளேன்னு இன்னும் ரெண்டு குடுத்தேன்."

"நீ குடுக்கல. நான் குடுத்தேன்" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. எண் இறங்குமா என்று தரையைப் பார்த்துக் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன், நர்ஸிடம் தட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும், அவளிடம் நானே சொல்கிறேன் என்றேன். அவள் போனை எடுத்தாள். கோல்ட்டன் எடுத்ததும் அவளால் வா என்ற ஒரு சொல்லுக்கு மேல் பேச முடியவில்லை.

நான் தட்டை எடுத்துக்கொண்டு கார் கொட்டகைக்குப் போனேன். அவனுடைய துளைக்கருவி சுவரில் தொங்கியது. ஒவ்வொரு குழியாகப் பன்னிரண்டிலும் துளை போட்டேன். நான்காவதில் கருவி வழுக்கி இரண்டு விழுந்தது. அலமாரியில் அவனுடைய தட்டு இருந்தது, அதிலும் போட்டேன்.

அதில் பதினொன்றாவதோ பன்னிரண்டாவதோ போட்டுக்கொண்டிருக்கும்போது கோல்ட்டனின் வண்டி வந்தது. கதவைக்கூட மூடாமல் இறங்கி ஓடினான். கொட்டகையில் நிற்கிற என்னை அவன் பார்த்தான் என்றுதான் நினைக்கிறேன். வீட்டுக்குள் போகும் முன் வாசலில் நின்று, பழக்கத்தில், சட்டையைக் கழற்றி வெளியே போட்டுவிட்டுப் போனான்.

எட்டு வாளி ஈயமும் என் காலடியில் இருந்தது. யாரும் என்னை ஏற்றச் சொல்லவில்லை. நானும் ஏற்றவில்லை. அன்றைக்கு மாலையே டெல்மரிடம் சொல்லி, கழகத்தைக் கூட்டச் சொன்னேன். டயர் கடையில் காப்பி குடித்துக்கொண்டிருந்த அந்த நான்கு பேரையும் அழைக்கச் சொன்னேன். எதற்கு என்று அவன் சந்தேகமாகக் கேட்டான். வந்தால் தெரியும் என்றேன்.